முன்பின் அறியாத பகைவனுக்கும் முன்கூட்டியே ஆயத்தம்

(ஜும்ஆ உரை)

எல்லாப் புகழும் படைத்துப் பரிபாலிக்கும் ஏக இறைவனுக்கே உரியது.



சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு ஜனாஸாவிற்குச் சென்றிருந்தேன். ஐந்து மாதக் குழந்தை. பிறந்தபோது எல்லாக் குழந்தைகளையும் போலத்தான் இருந்ததாம். மூன்றாம் மாதத்திற்குப் பிறகு வாயில் வெண்புண், ஓயாத வயிற்றுப்போக்கு, அடுத்தடுத்து நெஞ்சுச் சளி. அந்த வீட்டில் இவ்வாறு மறைந்த மூன்றாவது பிள்ளை அது. கபரடியிலிருந்து திரும்பும்போது, ‘அந்தப் பெண்ணின் ராசி அப்படி’ என்று ஒருவர் சொன்னார். ‘கண்ணேறு’ என்றார் இன்னொருவர். எவரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசுவதற்கு அன்று என்னிடம் அறிவு இருக்கவில்லை.

அந்தக் குழந்தைக்கு வந்தது இன்ன நோய் என்று எவரும் சோதிக்கவில்லை. இனி அறியவும் வழியில்லை. ஆயினும், பிறந்த குழந்தை நோயை எதனைக் கொண்டு எதிர்க்கிறது, சில குழந்தைகளால் ஏன் எதிர்க்க முடிவதில்லை என்பதை அறிந்துகொள்ள வழியுண்டு. அதனைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

ஒருமுறை வந்தது மறுமுறை ஏன் வருவதில்லை?

அம்மை ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வருவதில்லை என்பது நம் பாட்டிமார் அறிந்த செய்தி. பாரசீகத்தின் ரய் நகரில் பிறந்த மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸீ, பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்திக் காட்டித் தனி நூலே எழுதினார். அவர் மறைந்தது ஏறத்தாழ கி.பி. 925ஆம் ஆண்டில். அம்மை ஏன் பெரும்பாலும் இளம் வயதில் வருகிறது, வந்து போனபின் ஏன் திரும்புவதில்லை என்பதற்குத் தம் காலத்து மருத்துவ அறிவைக் கொண்டு ஒரு விளக்கமும் சொன்னார். அந்த விளக்கம் இன்று நிலைக்கவில்லை. ஆனால் ‘ஏன்’ என்று கேட்டாரே, அந்தக் கேள்வி நிலைத்துவிட்டது.

அதன் விடையின் முதற்பகுதி 1890ஆம் ஆண்டு ஜெர்மனியில் கிடைத்தது. எமில் பேரிங் என்பவரும், ஜப்பானியரான கிதஸாத்தோவும் ஓர் உண்மையைக் கண்டனர். தொண்டை அடைப்பான், ரண ஜன்னி ஆகிய நோய்களின் நஞ்சைச் சிறிது சிறிதாகச் செலுத்திப் பழக்கப்பட்ட விலங்கின் இரத்தத்தில், அந்த நஞ்சை முறிக்கும் ஏதோ ஒன்று உண்டாகிவிடுகிறது. அந்த இரத்த நீரை மற்றொரு விலங்கிற்குச் செலுத்தினால் அதுவும் காக்கப்படுகிறது. அந்த ‘ஏதோ ஒன்று’தான் எதிர்ப்பொருள், மருத்துவர்கள் ஆன்டிபாடி என்று சொல்வது.

எதிர்ப்பொருள் ஒரு புரதம். கவட்டைக் கோல் போன்ற உருவம் கொண்டது. கனத்த சங்கிலிகள் இரண்டு, மெல்லிய சங்கிலிகள் இரண்டு இணைந்து உருவாவது. கவட்டையின் இரு நுனிகளும் கிருமியைப் பற்றும் கைகள். பூட்டுக்கு ஏற்ற சாவி போல, ஒவ்வொரு வகை எதிர்ப்பொருளும் தனக்குப் பொருந்தும் வடிவத்தை மாத்திரமே பற்றும்.

கணக்கு ஒத்துவரவில்லை

இங்கேதான் அறிஞர்களைப் பல பத்தாண்டுகள் திணற வைத்த கேள்வி எழுந்தது.

உலகில் கிருமிகள் எண்ணற்றவை. அவை நாள்தோறும் உருமாறவும் செய்கின்றன. கார்ல் லான்ட்ஸ்டைனர் என்ற அறிஞர் இன்னொன்றையும் மெய்ப்பித்துக் காட்டினார். இயற்கையில் இல்லாத, ஆய்வுக்கூடத்தில் மனிதர் புதிதாக உருவாக்கிய இரசாயனப் பொருளைப் புரதத்துடன் இணைத்து விலங்கின் உடலில் செலுத்தினாலும், அதற்கென்றே ஓர் எதிர்ப்பொருள் உண்டாகிவிடுகிறது! அந்த விலங்கின் மூதாதையர் எவரும் கண்டிராத பகைவன். அவனுக்கும் ஆயுதம் ஆயத்தமாகிறது. எப்படி?

உடலின் ஒவ்வொரு புரதத்திற்கும் மரபணு என்ற எழுத்துக் குறிப்பு உண்டு. மனித உடலில் புரதங்களுக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 என்று இன்று அறிவோம். கண்ணுக்கும் காதுக்கும் இதயத்திற்கும் எலும்புக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இந்த 20,000. எதிர்ப்பொருள் வகைகளோ கோடானுகோடி. ஒன்றுக்கு ஒன்று என்று வைத்தால் கணக்கு ஒத்துவரவே இல்லை.

‘கிருமியே அச்சாக அமைந்து எதிர்ப்பொருளை வார்த்தெடுக்கிறது’ என்று 1940இல் லைனஸ் பாலிங் கருதினார். வேதியியலில் மாபெரும் அறிஞர், இதிலோ தவறிவிட்டார். ஆஸ்திரேலியரான பர்னெட் 1957இல் வேறொரு கருத்தை முன்வைத்தார். கிருமி வருவதற்கு முன்பே பற்பல வகை எதிர்ப்பொருள்களைத் தாங்கிய செல்கள் உடலில் காத்திருக்கின்றன. கிருமி வந்ததும் தனக்குப் பொருந்தும் செல்லைத் தட்டி எழுப்புகிறது. அந்தச் செல் பெருகுகிறது என்றார். இது சரியென்று நிலைபெற்றது. ஆயினும் இத்தனை வகைகளும் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி அப்படியே நின்றது.

பாஸல் நகரில் விடை

சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் நோயெதிர்ப்பியல் ஆய்வு நிலையம் ஒன்று இயங்கி வந்தது. ஜப்பானின் நகோயாவில் 1939இல் பிறந்த சுசுமு டோனெகாவா அங்கே பணியாற்றினார். அவரும் அவருடைய தோழர் ஹொசுமியும் 1976இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். சுண்டெலியின் கருவிலிருந்து டி.என்.ஏ. எடுத்தார்கள். எதிர்ப்பொருளை உற்பத்தி செய்யும் சுண்டெலிப் புற்றுச் செல்லிலிருந்தும் டி.என்.ஏ. எடுத்தார்கள். இரண்டையும் ஒரே நொதியால் துண்டாடி ஒப்பிட்டார்கள். கருவில், எதிர்ப்பொருளுக்கான மரபணுத் துண்டுகள் இரண்டும் வெவ்வேறு இடங்களில் கிடந்தன. வளர்ந்த செல்லிலோ அவை ஒரே துண்டில் வந்து சேர்ந்திருந்தன!

பிறவியில் வந்த மரபணு, செல்லின் ஆயுள் முழுவதும் எழுத்துப் பிசகாமல் அப்படியே இருக்கும் என்றே அதுவரை பெரும்பாலோர் நம்பியிருந்தனர். டிரையர், பென்னெட் என்ற இருவர் 1965லேயே இவ்வாறு இருக்கலாமென்று ஊகித்துச் சொன்னபோது, ஏற்றுக்கொண்டவர் சிலரே. டோனெகாவா கண் முன் காட்டினார். இந்த ஒரு வகைச் செல், தன் மரபணுவையே வெட்டி, ஒட்டி, புதிதாகக் கோத்துக் கொள்கிறது! இதற்காக 1987ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவர் ஒருவருக்கே வழங்கப்பட்டது.

நாற்பது சட்டை, இருபத்துமூன்று கைலி, ஆறு தொப்பி

சகோதரர்களே! இந்தக் கோப்பு எவ்வாறு நடக்கிறது என்பதை எளிய கணக்கில் பாருங்கள்.

ஒருவரிடம் நாற்பது சட்டை, இருபத்துமூன்று கைலி, ஆறு தொப்பி இருக்கின்றன. மொத்தம் 69 உருப்படிகள். ஒரு பெட்டியில் அடங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரு சட்டை, ஒரு கைலி, ஒரு தொப்பி என்று மாற்றி மாற்றி அணிந்தால், முன்பு அணிந்த அதே சேர்க்கை மீண்டும் வராமல் 5,520 நாட்கள் உடுத்தலாம். பதினைந்து ஆண்டுகள்!

எதிர்ப்பொருளின் கனத்த சங்கிலிக்கான மரபணு இப்படித்தான் பதினான்காம் குரோமோசோமில் துண்டு துண்டாக வைக்கப்பட்டிருக்கிறது. ‘வி’ என்ற வகையில் பயன்படும் துண்டுகள் ஏறத்தாழ 40. ‘டி’ வகையில் 23. ‘ஜே’ வகையில் 6. எலும்பு மஜ்ஜையில் வளரும் பி செல், ஒவ்வொரு வகையிலும் ஒரு துண்டைத் தேர்ந்து இணைத்துக் கொள்கிறது. இடையில் உள்ளவை வெட்டி அகற்றப்படுகின்றன. மெல்லிய சங்கிலிக்கும் இவ்வாறே ஏறத்தாழ 320 சேர்க்கைகள் உண்டு. கனத்ததும் மெல்லியதும் எப்படியும் இணையலாம் என்று கொண்டால், 5,520ஐ 320ஆல் பெருக்குங்கள். பதினேழு இலட்சத்திற்கும் மேல் வருகிறது!

அது மாத்திரமல்ல. துண்டும் துண்டும் இணையும் விளிம்பில் சில எழுத்துக்கள் தேய்க்கப்படுகின்றன. வேறு சில எழுத்துக்கள், எந்த மூலப்பிரதியையும் பாராமல், புதிதாகச் சேர்க்கப்படுகின்றன. இதற்கென்றே தனி நொதி இருக்கிறது. மூலத்தைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் நகலெடுப்பதுதான் உடலின் பொது விதி. இங்கோ மூலமின்றி எழுதுவதே விதி. இதனையும் கணக்கில் சேர்த்தால், வகைகளின் எண்ணிக்கை பத்தாயிரம் கோடியையும் தாண்டிச் செல்லும் என்பது அறிஞர் மதிப்பீடு. 20,000 மரபணுக்களுக்குள் கோடானுகோடி ஆயுதங்கள் அடங்கிய இரகசியம் இதுதான்.

இதற்கு உடல் கொடுக்கும் விலையும் சிறிதன்று. மரபணு மும்மூன்று எழுத்தாக வாசிக்கப்படுவது. விளிம்பில் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் அந்த வரிசை குலையும். எனவே மூன்று இணைப்புகளில் ஏறத்தாழ இரண்டு வீணாகின்றன. தந்தை வழிப் பிரதியில் தவறினால் தாய் வழிப் பிரதியில் ஒரு வாய்ப்பு. தாய் வழிப் பிரதியில் தவறினால் தந்தை வழிப் பிரதியில். இரண்டிலும் தவறிய செல் மடிந்து போகிறது. சரியாக இணைந்த செல்லுக்கும் ஒரு சோதனை இருக்கிறது. அது தன் சொந்த உடலையே தாக்கும் ஆயுதமாக அமைந்திருந்தால், மெல்லிய சங்கிலியை மாற்றிக் கொள்ள வேண்டும், அல்லது அடங்க வேண்டும், அல்லது அழிய வேண்டும். அன்னியனை எதிர்க்கக் கற்பதற்கு முன் சொந்தத்தைத் தாக்காதிருக்கக் கற்க வேண்டும் என்பது அங்கே சட்டம். நம் வீடுகளிலும் ஜமாஅத்திலும் அந்தச் சட்டம் இருந்தால் எவ்வளவு நலமாயிருக்கும்!

போர்க்களத்தில் தீட்டப்படும் கத்தி

பிறகு ஒரு நாள் கிருமி வருகிறது. கோடிக்கணக்கான செல்களில் ஏதோ சில, அதற்கு ஓரளவு பொருந்துகின்றன. அவை பெருகத் தொடங்குகின்றன. நிணநீர் முடிச்சுகளில் அவற்றின் எதிர்ப்பொருள் மரபணு மீண்டும் திருத்தப்படுகிறது. மற்ற மரபணுக்களைப் போலப் பத்து இலட்சம் மடங்கு வேகத்தில் எழுத்துக்கள் மாறுகின்றன. முன்னிலும் நன்றாகக் கிருமியைப் பற்றும் செல் நிலைக்கிறது, பற்றாதது மறைகிறது. இதற்குரிய நொதியை ஜப்பானின் ஹோன்ஜோ குழுவினர் 1999இல் கண்டறிந்தனர்.

வென்ற செல்களில் சில, நினைவுச் செல்களாக நெடுங்காலம் தங்குகின்றன. எவ்வளவு காலம்? 1918ஆம் ஆண்டின் கொடிய இன்ஃப்ளூயன்ஸா காய்ச்சலைத் தம் இளம் வயதில் கடந்து வந்த 32 முதியவர்களின் இரத்தத்தை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். தொண்ணூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர்கள் ஒவ்வொருவரின் இரத்தமும் அந்தப் பழைய பகைவனை அடையாளம் கண்டது! அர்ராஸீயின் கேள்விக்கு விடை அங்கே கிடக்கிறது.

தடுப்பூசி செய்வதும் இதுவேதான். அது உடலுக்குள் புதிய ஆயுதம் எதனையும் கொண்டுவந்து வைப்பதில்லை. ஏற்கனவே காத்திருக்கும் செல்லுக்குப் பகைவனின் முகத்தை முன்னதாகக் காட்டுகிறது. தடுப்பூசியைச் சந்தேகிப்போர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

கருவி இன்றிப் பிறந்த குழந்தை

இனி அந்த ஜனாஸாவிற்குத் திரும்புகின்றேன்.

மரபணுவை வெட்டும் அந்தக் கத்தரிக்கோல் எது? ‘ராக் ஒன்று’, ‘ராக் இரண்டு’ என்ற இரு புரதங்கள் கூடிச் செய்யும் வேலை அது. அமெரிக்காவில் டேவிட் பால்டிமோர் ஆய்வுக்கூடத்தில் ஷாட்ஸ், ஓட்டிஞ்சர் ஆகியோர் 1989லும் 1990லும் இவற்றைக் கண்டறிந்தனர். பி செல்லுக்கு மாத்திரமன்றி, நெஞ்சறையில் இதயத்திற்கு மேலுள்ள தைமஸ் சுரப்பியில் வளரும் டி செல்லுக்கும் இதே கத்தரிக்கோல்தான்.

ஒரு குழந்தைக்கு இந்தக் கத்தரிக்கோல் அமையவில்லையென்றால்? துண்டுகள் எல்லாம் இருக்கும், கோக்க ஆளிருக்காது. பி செல்லும் இல்லை, டி செல்லும் இல்லை. மனிதரில் இவ்வாறு நேர்கிறது என்பது 1996இல் உறுதியாயிற்று. கடுமையான கூட்டு நோயெதிர்ப்புக் குறைபாடு எனப்படும் நோய்த் தொகுதியில் இது ஒரு வகை. பிறந்த சில மாதங்கள் குழந்தை நன்றாக இருப்பதற்குக் காரணம், கருவிலிருந்தபோது தாய் தன் இரத்தத்திலிருந்து கொடுத்தனுப்பிய எதிர்ப்பொருள்கள். அந்தக் கட்டுச்சோறு தீர்ந்ததும் எல்லாக் கிருமிகளும் சூழ்ந்து கொள்கின்றன.

தாய்மார்களே, இதனைக் கவனியுங்கள்! இந்தக் குழந்தையை அத்தனை மாதங்கள் வாழவைத்ததே தாயின் இரத்தம்தான். அவளைத்தான் ‘ராசியில்லாதவள்’ என்கிறோம்!

இந்த வகை, தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக, பழுதுற்ற பிரதிகள் இரண்டும் சேர்ந்தால் மாத்திரமே வரும். ஒரு பிரதி மாத்திரம் பழுதான பெற்றோர் முழு நலத்தோடு இருப்பர்; தம்மிடம் அது இருப்பதையே அறியார். அத்தகைய இருவருக்கு ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இக்குறை வருவதற்கு உண்டு. ஆகவே பழியை ஒருத்தியின் தலையில் கட்டுவது பாவம் மாத்திரமன்று, பொய்யும் ஆகும்.

இதற்குப் பரிகாரமும் உண்டு. நலமுள்ள உறவினரின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தினால், குழந்தைக்குப் புதிய செல்கள் முளைக்கின்றன. 1968லேயே அமெரிக்காவில் இந்நோய்த் தொகுதியைச் சேர்ந்த ஒரு சிறுவனுக்கு அவனுடைய சகோதரியின் மஜ்ஜை செலுத்தப்பட்டு அவன் பிழைத்தான். ஆனால் காலம் மிக முக்கியம். 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மூன்றரை மாதத்திற்குள் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் 94 சதவீதத்தினர் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர்.

அவ்வளவு சீக்கிரம் எப்படிக் கண்டறிவது? டி செல் தன் மரபணுவைக் கோக்கும்போது வெட்டியெறிந்த துண்டுகள் சிறு வளையங்களாகச் செல்லுக்குள்ளேயே கிடக்கும். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தில் அந்த வளையங்கள் இருந்தால், கத்தரிக்கோல் வேலை செய்கிறது, இல்லையேல் ஆபத்து. குப்பையென்று எறியப்பட்ட துண்டே உயிர் காக்கும் சாட்சி! அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2008இல் தொடங்கிய இந்தச் சோதனை, 2018க்குள் அந்நாட்டின் 50 மாநிலங்களுக்கும் பரவியது. ஏறத்தாழ 58,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்நோய்த் தொகுதி இருப்பது தெரிய வந்தது.

நாம் செய்ய வேண்டியவை

அன்புச் சகோதரர்களே! இதைக் கேட்டு ‘சுப்ஹானல்லாஹ்’ என்று சொல்லி எழுந்து போவது எளிது. படைப்பின் நுட்பத்தை வியப்பது நல்லதே. ஆனால் இரவு பகலாய் ஆய்வுக்கூடத்தில் உழைத்தவர் வேறு ஒருவர். வியப்பது மாத்திரம் நம் பங்கா? அர்ராஸீயின் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்ளும் நாம், அவரைப் போல ‘ஏன்’ என்று கேட்க நம் பிள்ளைகளைப் பழக்க வேண்டாமா?

உடனே செய்யத்தக்கவை சிலவற்றைச் சொல்கின்றேன்.

ஒன்று: கைக்குழந்தைக்கு வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, நெஞ்சுச் சளி ஆகியவை மீண்டும் மீண்டும் வந்தால், எடை ஏறவில்லையென்றால், கயிறு மந்திரித்துக் கட்டிக் காலம் கடத்தாதீர்கள். சாதாரண இரத்தச் சோதனையில் லிம்போசைட் எண்ணிக்கையைப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அது மிகக் குறைந்திருந்தால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும்.

இரண்டு: வீட்டில் முன்பு கைக்குழந்தை இவ்வாறு இறந்திருந்தால், அடுத்த பிள்ளை பிறக்கும் முன்பே மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காசநோய்த் தடுப்பூசி போன்றவற்றில் வலுவிழந்த உயிருள்ள கிருமி இருக்கிறது. அது மற்றக் குழந்தைகளுக்குக் காவல், இத்தகைய குழந்தைக்கு மாத்திரம் ஆபத்து. எனவே அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சோதித்த பிறகு போடுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். மற்ற வீடுகளில் இதைக் காரணம் காட்டித் தடுப்பூசியைத் தள்ளிப் போடாதீர்கள். சுற்றியுள்ள பிள்ளைகள் எல்லாரும் தடுப்பூசி போட்டிருந்தால்தான், போட இயலாத அந்த ஒரு பிள்ளையும் பிழைக்கும்.

மூன்று: நெருங்கிய உறவில் மணம் முடிப்பது இப்பகுதியில் எல்லாச் சமூகத்தாரிடமும் உள்ள வழக்கம். அத்தகைய தம்பதியரில் பெரும்பாலோரின் பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றனர். ஆயினும் ஒரே குடும்பத்தில் ஒளிந்திருக்கும் ஒரே பழுது இரு பக்கமும் சேரும் வாய்ப்பு அங்கே கூடுதல். மார்க்கம் அனுமதித்தது என்பதற்காக அது கட்டாயமாகிவிடாது. பிள்ளைகளை அடுத்தடுத்து இழந்த குடும்பங்கள், மரபணு ஆலோசனை பெற்ற பின் சம்பந்தம் பேசுங்கள்.

நான்கு: மஜ்ஜை கொடுக்க அஞ்சாதீர்கள். கொடுத்தது மீண்டும் ஊறிவிடும். உடன்பிறந்தாரில் பொருத்தம் கிடைக்காதபோது, அதே சமூகத்தவரிடம் கிடைக்கும் வாய்ப்பே அதிகம். நாம் பெயர் பதியாவிட்டால் நம் பிள்ளைகளுக்கு யார் பதிவார்?

ஐந்து: பிள்ளையை இழந்த தாயிடம் ஆறுதலாக ஒரு சொல் சொல்லுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் வாய்மூடி இருங்கள்.

அன்று நான் வாய்மூடி இருந்தது வேறு வகை. பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்தேன். இனி எவரேனும் எந்த வீட்டு வாசலிலாவது ‘அந்தப் பெண்ணின் ராசி’ என்று சொல்லக் கேட்டால், ‘இல்லை’ என்று சொல்ல உங்களுக்கும் எனக்கும் இப்போது அறிவு இருக்கிறது. அறிந்த பின்னும் மௌனமாக இருந்தால் நாளை நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வல்ல இறைவன் நம் குழந்தைகளைக் காப்பானாக! பிள்ளைகளை இழந்த பெற்றோருக்குப் பொறுமையையும், நம் நாவுகளுக்கு நீதியையும், நம் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கும் அறிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.